எட்டு முறை குளித்த முனிசாமி

ஜெபகுமார் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வாயைப் பார்த்துப் பேசுகிறார். நாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் போய் நின்றுவிடும். "எடது பக்கம் மெல்றதில்ல போலருக்குதே ஐயா" என்பதுதான் என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம். அது 2003 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. அவர் சொன்னது சரி. மேல் வரிசைப் பல் செட்டு ஈறில் உராய்ந்ததால் நான்கு மாதமாக நான் இடப்பக்கம் எதையும் மெல்லவில்லை.

பல் வைத்தியர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். ஜெபகுமார் பல் செய்து திருப்பி அனுப்புவார். பெரிய காஞ்சிபுரத்தில், செங்கழுநீரோடைத் தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவர் பட்டறை. ஏறப் பதினேழு படிகள். உள்ளே சுவரை ஒட்டிய நான்கு தட்டு அலமாரியில் ஊர்க்காரர்களின் தாடைகள் வெள்ளை பிளாஸ்டர் அச்சுகளாக அடுக்கியிருக்கும். அச்சுகளில் எண் உண்டு, பெயர் இல்லை. பெயர் அவருக்குத் தேவைப்படுவதுமில்லை. ஒருமுறை வாலாஜாபாத் பேருந்தில் நடத்துநர் ஒருவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "உன்னுது எழுபத்தி மூணு. கீழ செட்டுதான? நம்ம செஞ்சதுபா" என்று சொல்லியிருக்கிறார். நடத்துநருக்குப் பல் செட்டு என்பது அதுவரை அந்தப் பேருந்தில் யாருக்கும் தெரியாது. "அப்புறம் ரெண்டு மாசம் அந்த பஸ்ல ஏறவே இல்ல ஐயா" என்றார்.

நாற்பத்து நான்கு வயது. மற்றவர்கள் பேனா வைக்கும் பையில் மெழுகு செதுக்கும் கத்தி வைத்திருப்பார். வாய் நிறையச் சிரிப்பவர்களைப் பிடிக்கும். உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பவர்களை நம்பமாட்டார். வெள்ளை வெளேரென்று பல் கேட்டு வருகிறவர்களோடு சண்டை போடுவார். "அறுவது வயசு வாய்க்குள்ள டியூப்லைட்டு மாட்டச் சொல்றாங்க. வெத்தல போட்டிருக்காரு, டீ குடிச்சிருக்காரு, பேரன் பேத்தி எடுத்திருக்காரு. பல்லு மட்டும் நேத்திக்கிப் பொறந்ததா?" என்பார். நிறம் பார்க்க அவரிடம் பதினாறு பல் மாதிரிகள் கோத்த ஒரு பட்டை உண்டு. விசிறிபோல விரிப்பார். பட்டுக்கடையில் பார்டருக்கும் உடலுக்கும் நிறம் சேர்கிறதா என்று பார்க்கும் பெண்களைப் போல, ஜன்னலோரம் போய், கண்ணைச் சுருக்கி, ஒவ்வொன்றாக நம் பல்லோடு வைத்துப் பார்ப்பார். அவசரப்படுத்தினால் அவருக்குக் காது கேட்காது.

பெற்றோர் தென்னேரி ஏரிக்குக் கீழே பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாவது முடித்ததும் வேலூரில் பல் செய்யும் கூடம் ஒன்றில் பிளாஸ்டர் குழைக்கச் சேர்ந்தார். ஆறு வருடத்தில் பல் கட்டக் கற்றார். முன்பல்லுக்கு நிறம் தீட்டக் கற்க இன்னும் நான்கு வருடமாயிற்று என்கிறார். பீங்கானில் வார்த்த பல் வெறும் வெள்ளையாக வரும். அதன்மேல் மயிர்க்கனத் தூரிகையால் பழுப்பு, சாம்பல், லேசான நீலம் என்று தீட்டி உலையில் ஏற்ற வேண்டும். பக்கத்துப் பல்லின் கறை, விரிசல், விளிம்பின் கண்ணாடித் தன்மை எல்லாம் அதில் வர வேண்டும். "கடவாப்பல்லு கஞ்சிக்கு. முன்பல்லு மானத்துக்கு" என்பது அவர் வாக்கு.

அந்த முன்பல் வேலைதான் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

2003 ஜனவரி 22 அன்று தென்னேரியிலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டிகள் ஏறி நெல் உதிரட்டும் என்று அறுத்த கதிர்த்தாளை யாரோ சாலையில் பரப்பியிருந்தார்கள். சக்கரம் வழுக்கியது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. உள்ளே ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் வைத்தார்கள். ஏப்ரலில் கட்டுப் பிரித்தபோது மோதிர விரல் பாதிக்குமேல் மடங்கவில்லை; தூரிகை பிடித்தால் நுனி நடுங்கியது. நுண்ணிய வேலையில் மோதிர விரலைத்தான் ஊன்றிக்கொள்வது அவர் பழக்கம். ஊன்றுகோல் போய்விட்டது.

அவருக்கு முன்பல் வேலை முழுவதையும் தந்துவந்த பல் வைத்தியர் வாசுதேவ். நல்ல மனிதர், ஆனால் நோயாளியின் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர். "கை சரியாகட்டும் ஜெபகுமார், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு முன்பற்களைச் சென்னைக்கு அனுப்பத் தொடங்கினார். ஜெபகுமாருக்கு வந்ததெல்லாம் உடைந்த செட்டு ஒட்டுவதும், என்னைப் போன்றவர்களின் உராயும் தகட்டைத் தேய்ப்பதும்தான். பீங்கான் உலை ஒரு தலையணை உறைக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

வீட்டில் ஒரு கெடு வைத்தாகிவிட்டது. மனைவி மேரி அங்கன்வாடி ஊழியர். ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அந்தப் பதினேழு படிகளையும் ஏறிவருவார். மேரியின் தம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பேசி வைத்திருந்தார். "டிசம்பர் வரிக்கும் பாக்கலாம். முன்பல்லு திரும்பி வரலன்னா கடையைச் சாத்திட்டு உன் தம்பிகிட்ட போறேன்" என்று ஜெபகுமார் ஒப்புக்கொண்டிருந்தார். மேரி அதை நினைவூட்டுவதே இல்லை. சுவர் நாட்காட்டியின் டிசம்பர் மாதத் தாளை மட்டும் ஒருநாள் மேலே தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

இந்த நிலையில்தான் முனிசாமி வந்தார்.

ஜூன் 28 அன்று ஸ்ரீவர்தன் ஒரு தீப்பெட்டியோடு மாடி ஏறினார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், முப்பத்தொரு வயது, மூன்று வருடம் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே ஒரு விளையாட்டைப் பழகி வந்திருந்தார். மேசைமேல் குள்ளர்களும் அரக்கர்களுமாக ஈயப் பொம்மைகளைப் படைபடையாக நிறுத்திப் பகடை உருட்டி ஆடுவது. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதும் ஆட்டத்தில் ஒரு பாதியாம். தீப்பெட்டியில் இருந்த குள்ளனின் கோடரி காம்போடு முறிந்திருந்தது.

"எந்தப் பசையும் நிக்கலை சார். நீங்க பல்லையே ஒட்டறேளே, இதையும் ஒட்டித் தாங்கோ" என்றார்.

ஜெபகுமார் ஒட்டவில்லை. இரு பக்கமும் ஊசித் துளையிட்டு, கோணல் பல்லை இழுத்துக்கட்டும் கம்பியில் ஒரு துண்டை உள்ளே செருகி இணைத்தார். பிறகு குள்ளனைத் திருப்பித் தராமல் உருட்டி உருட்டிப் பார்த்தார். போர்க்கூச்சலிடும் வாய். மேலும் கீழும் பல் வரிசை.

"இதுல பெயின்டு அடிக்காதது எதுனா இருக்குதா?"

இருந்தது. மறுநாளே ஒன்றும், கூடவே ஆறு சிறிய வண்ணப் புட்டிகளும் வந்தன. நான் அளந்து பார்த்தேன். அடித்தட்டு நீங்கலாக இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரம். முழங்கால் வரை தாடி, தலையில் இரும்புத் தொப்பி, கையில் கோடரி. கண் என் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குள் அடங்கியது.

"இவரு எங்க ஊரு முனிசாமி ஐயா. ஏரி மதகு தொறக்கறவரு. இதே தாடி, இதே கத்து. மொற தப்பி எவனாவது தண்ணி திருப்பினா மம்முட்டிய இப்படித்தான் பிடிப்பாரு" என்றார் ஜெபகுமார். அன்று முதல் குள்ளனுக்குப் பெயர் முனிசாமி. மரியாதை விகுதி இல்லாமல் யாரும் பேசக் கூடாது.

ஜெபகுமாரின் கணக்கு எளிமையானது. கேழ்வரகில் பாதிகூட இல்லாத அந்தக் கண்ணில் வெள்ளையும், அதன் நடுவில் கருமணியும் வைக்க முடிகிற கைக்கு முன்பல் ஒரு பொருட்டல்ல. இரண்டு கண்களும் சரியாக அமைகிற நாளில் வாசுதேவிடம் போய்க் கேட்பது.

ஆனால் தொடங்கியது கண்ணில் அல்ல, பல்லில். ஸ்ரீவர்தன் தலையில் அடித்துக்கொண்டார். "சார், முதல்ல தோல், அப்புறம் துணி, இரும்பு. பல்லுக்கெல்லாம் யாரும் ஷேடு பாக்க மாட்டா."

"வாயைத் தொறந்துக்கினு நிக்கறாரு. மொதல்ல எதைப் பாப்பாங்க?" என்றார் ஜெபகுமார், நிறப்பட்டையை விரித்துக்கொண்டே.

விளைவு ஜூலை 12 அன்று தெரிந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம் விடவில்லை. ஒரே சீரான பற்கள், ஒரே நிறம், ரோஜா நிற ஈறு. சாப்பாடு கொண்டுவந்த மேரி லென்ஸ் வழியாகப் பார்த்தார்.

"இன்னாங்க இது, இவருக்கும் பல் செட்டு கட்டிட்டீங்க?"

உண்மைதான். மலையைப் பிளக்கும் கோபத்தோடு நிற்கிற முனிசாமி, வாயில் செட்டு மாட்டிக்கொண்டு நின்றார். கூடவே, இரும்புக் கதவுக்கு அடிக்கும் சாம்பல் பூச்சை அடியில் பூசியதில் தாடியின் இழைகளும் அடைத்துப் போயிருந்தன. ஜெபகுமார் எவர்சில்வர் டம்ளரில் தின்னரை ஊற்றினார். முனிசாமியை அதில் இறக்கினார். கால் மணி கழித்து எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முதுகு, அக்குள், தாடி எல்லாம் தேய்த்தார். ஈயம் மறுபடி பளிச்சென்றது. இது முதல் குளியல்.

இரண்டாவது, ஜூலை 26. பற்கள் அருமையாக வந்திருந்தன. கீழ் வெட்டுப்பல் ஒன்று அடிபட்டுச் செத்துக் கறுத்த பல்லாகவே இருந்தது. நிஜ முனிசாமிக்கு அப்படித்தானாம். ஆனால் வலது கண்ணின் கருமணி கன்னத்தில் இறங்கிவிட்டது. மூன்றாவது, ஆகஸ்ட் 9. இடது கண் புருவத்துக்கு ஏறிவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் ஆகஸ்ட் கடைசிக்குள்.

ஒரு கண்ணுக்காக ஏன் உடம்பு முழுவதையும் கழுவ வேண்டும் என்று கேட்டேன். கன்னத்தில் விழுந்த புள்ளிமேல் தோல் நிறத்தைத் தொட்டால் தீர்ந்தது. ஜெபகுமார் என் வாயைப் பார்த்தபடி சொன்னார்: "பல்லுல அப்படிச் செய்யக் கூடாது ஐயா. தப்பு மேல பூசுனா பல்லு தடிச்சிடும், நாக்கு கண்டுபுடிச்சிடும். தப்புன்னா மொதல்லேந்துதான்."

மேரியின் கணக்கு வேறு. "உங்க முனிசாமி இந்த மாசம் மூணு தரம் குளிச்சிட்டாரு. நீங்க இன்னிக்கி இன்னும் குளிக்கல. எழுந்து வாங்க."

செப்டம்பரில் மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து, நான் போனபோது அவர் முனிசாமியைத் தொடவே இல்லை. தொழிற்சாலைக்கு மனம் பழகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. வாயில் அளவெடுக்கும் மாவைக் குழைத்து, ஒரு தட்டில் கொட்டி, அதில் தன் வலது கையைத் தூரிகை பிடித்த நிலையிலேயே அழுத்திக் காத்திருந்தார். மாவு இறுகியதும் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினார். அச்சின்மேல் மெழுகு, மெழுகுக்குப் பதில் ரோஜா நிற அக்ரிலிக். அண்ணத்துக்குத் தகடு செய்யும் அதே முறையில், மணிக்கட்டிலிருந்து சுண்டு விரலடி வரை தாங்கும் ஒரு தகட்டைத் தன் கைக்குச் செய்துகொண்டார். மடங்காத விரலுக்கு அதில் ஒரு வாய்க்கால் இருந்தது. உராயும் இடத்தைக் குறிக்க என் பல் செட்டுக்குத் தடவும் நீல மையையே தன் கையிலும் தடவி, பட்ட இடத்தைத் தேய்த்தார், மறுபடி மாட்டினார், மறுபடி தேய்த்தார்.

"ஊர்ல எல்லாரும் வாயிலதான் செட்டு கட்டிப்பாங்க. எங்க வீட்டுக்காரரு கையில கட்டிக்கினு இருக்காரு" என்று மேரி என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அந்தத் தகட்டை எடுத்து, ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

தகடு வந்த பிறகும் இரண்டு குளியல்கள். அக்டோபர் 4, அக்டோபர் 18. கை நடுக்கம் பாதியாயிற்று, பிறகு கால்வாசி.

எட்டாவதுதான் நான் மறக்காத குளியல். நவம்பர் 1. நான் போனபோது ஸ்ரீவர்தன் லென்ஸோடு குனிந்திருந்தார். இரண்டு கண்களும் அமைந்துவிட்டன. இரண்டு கருமணிகளும் ஒரே திசையில், எதிரே முறை தப்பித் தண்ணீர் திருப்பியவனைப் பார்ப்பதுபோல் முறைத்தன. "சார், அங்க இருக்கறவா பாத்தா அசந்துடுவா. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?" என்றார் ஸ்ரீவர்தன். ஜெபகுமார் டம்ளரை எடுத்தார். ஸ்ரீவர்தன் அவர் கையைப் பிடித்தே விட்டார்.

"உடுங்க. எடது கையால வலது மணிக்கட்டப் புடிச்சிக்கினுதான் வச்சேன்."

"அதனால என்ன சார்? யாருக்குத் தெரியப் போறது?"

"முனிசாமி மேசை மேல தானா நிப்பாரு. பல்லு நிக்காது, அத்த எடது கையிலதான் புடிச்சாவணும். ரெண்டு கையும் பிரஷ்ஷுக்கே போச்சுன்னா பல்லை நீங்க வந்து புடிப்பீங்களா?"

முனிசாமி தின்னரில் இறங்கினார். முதலில் கண்கள்தான் கரைந்தன.

அதன்பிறகு அவர் முனிசாமியை மேசையில் நிறுத்தித் தீட்டவில்லை. ஒரு பிளாஸ்டர் கட்டையில் ஒட்டி, கட்டையை இடது கையில் பிடித்து, வலது கையை ரோஜாத் தகட்டில் ஊன்றித் தீட்டினார். வெயில் ஜன்னலைத் தாண்டிப்போகும் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை மட்டும். தூரிகை கண்ணருகே வரும்போது மூச்சை நிறுத்துவார். நான் ஒருமுறை கடிகாரத்தில் பார்த்தேன், நாற்பத்தோரு வினாடி. நவம்பர் 22 அன்று நான் போனபோது முனிசாமி ஜன்னல் விளிம்பில் நின்றார். ஒரு கையால் வைத்த கண்கள் இரண்டும் சரியாக இருந்தன. வாசுதேவிடம் போகவில்லையா என்றேன். "காய்ட்டும் ஐயா. ஒரு வாரம் பாக்கறேன், கை பழசுக்குத் திரும்புதான்னு" என்றார். டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் போக வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 29, சனிக்கிழமை, பதினொன்று பத்துக்கு வாசுதேவ் தாமே படியேறி வந்தார். கையில் ஒரு சிறு டப்பா. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரின் மகள், கமலாட்சி. பஸ் படியில் விழுந்து மேல் முன்பல் உடைந்திருந்தது. திங்கட்கிழமை கல்யாணம். டப்பாவில் இருந்த, சென்னையிலிருந்து வந்த பீங்கான் பல் அளவில் சரி, நிறத்தில் சுண்ணாம்பு. அவள் மற்ற பற்களில் சிறு வயதிலிருந்து குடித்த தண்ணீரின் பழுப்புத் திட்டு உண்டு. திருப்பி அனுப்பி வாங்க நேரமில்லை.

"பொண்ணு கிளினிக்ல உட்கார்ந்திருக்கா. வாயையே திறக்கமாட்டேங்கறா" என்றார் வாசுதேவ். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க கை எப்படி இருக்கு?"

ஜெபகுமார் முனிசாமியையும் லென்ஸையும் நீட்டினார். வைத்தியர் ஜன்னலருகே போனார். இரண்டு நிமிடம் பார்த்தார்.

"கீழ் வெட்டுப்பல் ஒண்ணு செத்திருக்கே இவருக்கு. அடிபட்டதா?"

"கண்ணப் பாருங்க டாக்டர்."

"கண்ணா? ம். கண்ணும் இருக்கு" என்றார் வாசுதேவ், மறுபடி பல்லுக்கே திரும்பியபடி. கடைசியில் லென்ஸை இறக்கிவிட்டு, டப்பாவை மேசையில் வைத்தார்.

உலைமேலிருந்த தலையணை உறையை ஜெபகுமார் உருவினார். பத்து மாதம் மூடியிருந்ததில் உறையில் உலையின் வடிவமே பதிந்திருந்தது. சுவிட்சைப் போட்டார், சிவப்பு விளக்கு எரிந்தது. "பொண்ண ஒரு தரம் பாக்கணும் டாக்டர்" என்று சொல்லிக் கீழிறங்கி, கிளினிக்குக்குப் போய்த் திரும்ப ஒன்பது நிமிடம். வரும்போது உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நிறங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

ரோஜாத் தகட்டை மாட்டினார். ஊசி முனையில் மாட்டிய பல் இடது கையில். தூரிகை வலது கையில். பழுப்பை விளிம்புக்கு அருகே இரண்டு திட்டாக வைத்தார், கழுத்துப் பக்கம் மஞ்சளை ஓட்டினார், நுனியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு நீலம். நுனி நடுங்கவில்லை. மேரி சாப்பாட்டுத் தூக்கோடு எப்போது வந்து வாசற்படியில் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. அன்று சீக்கிரம் வந்துவிட்டிருந்தார். தூக்கைக் கீழே வைக்கவுமில்லை.

வாசுதேவ் பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். "பிரமாதம். போதும் ஜெபகுமார், உலையில ஏத்துங்க. பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

ஜெபகுமார் பல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கண்ணைச் சுருக்கி இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். உலை சூடேறித் தயாரென்று மணியடித்தது.

"ரெண்டாவது திட்டு ஒரு மயிரு அளவு கீழ எறங்கிக்கினு இருக்குது டாக்டர்" என்றார். ஈரப் பஞ்சை எடுத்தார். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் துடைத்துப் பல்லை வெள்ளையாக்கிவிட்டு, தூரிகையை நனைத்தார்.